கிலோவா லிட்டரா என்று முதலில் கேளுங்கள்

போன சித்திரையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரே ராத்திரியில் மூன்று பேர் வெளியேறினார்கள். சொத்துத் தகராறு இல்லை. கல்யாணப் பத்திரிகையில் பேர் விட்டுப்போன சங்கதியும் இல்லை. கடலை எண்ணெய்.

நான் மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் 26 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். அந்தக் குழுவுக்கு அட்மினும் நான்தான். 43 பேர் இருந்த இடம் அன்றைக்கு 40 ஆனது. அரசியல், புள்ளிவிவரம், கொடுத்த காசுக்குத் தகுமா தகாதா என்கிற பேச்சு, இந்த மூன்றில்தான் எங்கள் குழுவில் சண்டை மூளும். உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். சண்டையே வராமல் இருக்க வழி எனக்குத் தெரியாது. வந்த சண்டையை உறவு முறியாமல் நடத்துவது எப்படி என்று கொஞ்சம் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதை எழுதிவைக்கிறேன்.

நடந்தது இது. திருமங்கலத்தில் இருக்கும் சின்ன மதினி செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் வாங்கிவிட்டு, 270 ரூபாய் என்று போட்டோவோடு குழுவில் போட்டிருந்தார். அலங்காநல்லூர் பெரிய அண்ணன் உடனே, "எங்க ஊர்ல 250தான். நல்லா தலையில மொளகா அரைச்சுருக்காங்க" என்று எழுதினார். தம்பி பெண்டாட்டியிடம் நேரில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷர். கையில் போன் வந்ததும் அந்தக் கூச்சமெல்லாம் எங்கே போகிறதோ. சரி, அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கணக்குப்பிள்ளை என்ற மிதப்பில் நான் வேறு நுழைந்து, "லிட்டருக்கு 20 ரூபாய் நஷ்டம். மாசம் 5 லிட்டர்னா வருஷத்துக்கு 1,200 ரூபாய்" என்று கூட்டிப் பெருக்கிப் போட்டேன். மூத்தார் கேலி பண்ணியதைக்கூட மதினி பொறுத்திருப்பார். நாத்தனாரான நானும் சேர்ந்துகொண்டதுதான் பொறுக்கவில்லை. மதினி, சின்ன அண்ணன், அவர்கள் மகள் மூவரும் வரிசையாக வெளியேறினார்கள்.

மறுநாள் கடையில் எண்ணெய் டின்னுக்குப் பில் எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. மொத்த வியாபாரத்தில் 15 கிலோ டின் வேறு, 15 லிட்டர் டின் வேறு. எண்ணெய் தண்ணீரைவிட லேசு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான் நிற்கும். 15 லிட்டர் டின்னில் இருப்பது பதிமூன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இதை மாற்றிப் பில் போட்டால் முதலாளி என்னைத் தொலைத்துவிடுவார். மதினி போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சீட்டில் '1 கிலோ' என்று இருந்தது. அண்ணன் வாங்கியது லிட்டர். 270-ஐ 0.91-ஆல் பெருக்கினால் 245 ரூபாய் 70 காசு. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் மதினிக்குத்தான் 4 ரூபாய் 30 காசு லாபம். மிளகாய் அரைபட்டது அண்ணன் தலையில்.

26 வருடம் இதே வேலை பார்த்தவள் நான். படத்தைப் பார்க்காமலே பதில் போட்டிருக்கிறேன்.

ஆகவே, பதில் தட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, இரண்டு பேரும் ஒரே படியால்தான் அளக்கிறார்களா என்பது. பார்க்க ஆரம்பித்த பிறகு எனக்கு எங்கும் இதுவே தென்படுகிறது. பெங்களூரில் இருக்கும் அத்தை மகள் தன் கரண்டு பில்லைக் காட்டி, "உங்க ஊர்ல எம்புட்டு அதிகம் வாங்குறாங்க" என்பாள். அவளுக்கு மாதத்துக்கு ஒரு பில், நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒன்று. தங்கம் விலை என்று வடக்கத்தி சேனலில் சொல்வது 10 கிராமுக்கு. நம் தெற்காவணி மூல வீதிக் கடைகளில் பேசுவது கிராமுக்கோ பவுனுக்கோ. பவுன் 8 கிராம். சென்னைக்காரர்கள் நிலத்தைக் கிரவுண்டில் சொல்வார்கள், அது 2,400 சதுர அடி. நாம் சென்ட்டில் சொல்வோம், அது 435.6 சதுர அடி. இதைப் பிரித்துப் பார்க்காமல் "அங்க கொள்ளை, இங்க கொள்ளை" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓடியிருக்கிறது எங்கள் குழுவில். பாக்கெட் சாமான் என்றால் வேலை இன்னும் சுலபம். எம்.ஆர்.பி. பக்கத்திலேயே ஒரு கிராமுக்கு அல்லது மில்லிக்கு எவ்வளவு என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதை வைத்து ஒப்பிடுங்கள். பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் பல வருடம் பத்து ரூபாயாகவேதான் இருந்தது. உள்ளே இருந்த கிராம்தான் மெலிந்துகொண்டே போனது.

கேட்கும் விதமும் முக்கியம். "ஆதாரம் எங்கே?" என்று கேட்டால் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தியதுபோல் ஆகிவிடும். "அண்ணே, இது கிலோ விலையா, லிட்டர் விலையா?" என்று கேட்டால் அது வெறும் சந்தேகம். அவரே போய்ப் பார்ப்பார். நான் அன்றைக்கு இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் போதும்.

அரசியல் சண்டைக்கு வருகிறேன். எங்கள் குழுவில் வருடத்துக்கு நாலு முறையாவது கேஸ் சிலிண்டர் உருளும். மாமா ஒரு கட்சி, சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் என் தம்பி மகன் எதிர்க்கட்சி. ஒருவர் "2014-ல சிலிண்டர் 414 ரூபாய்" என்று ஒரு படம் அனுப்புவார். மற்றவர் "2014-ல சிலிண்டர் 1,241 ரூபாய்" என்று இன்னொரு படம் அனுப்புவார். அப்புறம் "பொய்", "வடிகட்டின பொய்", "நீ படிச்ச படிப்புக்கு" என்று போகும். இரண்டுமே உண்மை என்பதுதான் வேடிக்கை. 2014 தொடக்கத்தில் டெல்லியில் மானியத்தோடு வாங்கினால் 414, மானியம் இல்லாமல் வாங்கினால் 1,241. மானிய சிலிண்டருக்கு வருடத்துக்கு இத்தனை என்று வரம்பு உண்டு. 9 என்று இருந்ததை அந்த வருடம்தான் 12 ஆக்கினார்கள். பெரும்பாலான வீடுகள் கொடுத்தது மானிய விலை. வரம்பைத் தாண்டியவர்கள் கொடுத்தது முழு விலை. இன்றைய விலையோடு எதை ஒப்பிடுவது? அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் நான் செய்வது, இரண்டு எண்ணையும் ஒரே செய்தியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிடுவது. எந்த மாதம், எந்த ஊர், எந்த வகை சிலிண்டர் என்று பக்கத்தில் குறிப்பு. எங்கள் கடைப் பேரேட்டில் எழுதுவதுபோலத்தான். தலைப்பு இல்லாத தொகையைப் பேரேட்டில் ஏற்ற முடியாது. அதைப் பார்த்ததும் இரண்டு பேருமே கொஞ்சம் அமர்ந்தார்கள். தன் எண்ணைப் பொய் என்று யாரும் சொல்லவில்லை அல்லவா, அதுவே பாதி சூட்டைக் குறைத்துவிடும். அப்புறம் ஒப்பிட வேண்டுமானால் மானியத்தோடு மானியத்தை ஒப்பிடுங்கள். அதாவது கையை விட்டுப் போனதில் வங்கிக்குத் திரும்பி வந்ததைக் கழித்து. இல்லையென்றால் முழு விலையோடு முழு விலையை. இதையும் தாண்டி நான் ஒன்று பார்ப்பேன், சிலிண்டருக்கு எத்தனை நாள் சம்பளம் போகிறது என்று. 2014-இல் என் சம்பளம் 7,500. நாளுக்கு 250. மானிய சிலிண்டருக்கு ஒன்றரை நாளைக்குச் சற்று மேல் உழைத்தேன். முழு விலை என்றால் ஐந்து நாள். இன்றைக்கு எத்தனை நாள் என்று நீங்களே உங்கள் சம்பளத்தை வகுத்துப் பாருங்கள். என் விடை உங்களுக்குப் பொருந்தாது. மாமாவுக்குப் பென்ஷன், தம்பி மகனுக்கு லட்ச ரூபாய் சம்பளம். ஒரே சிலிண்டர் அவர்களுக்கு வேறு வேறு கனம்.

மானியம் கொடுக்க வேண்டுமா, அந்தப் பணத்தை வேறெதற்காவது செலவிட வேண்டுமா என்கிற பேச்சு இதற்குப் பிறகும் மிச்சம் இருக்கும். அது கால்குலேட்டர் விவகாரம் இல்லை, கொள்கை. அதில் இருவரும் ஒத்துப்போக வேண்டிய அவசியமும் இல்லை. கொள்கையில் தோற்கிறோம் என்று தெரிந்ததும் ஒரு எண்ணை எடுத்து வீசுவதும், எண்ணில் மாட்டிக்கொண்டதும் கொள்கைக்குத் தாவுவதும்தான் பிரச்சினை. யாராவது அப்படித் தாவினால் நான் "மாமா, விலைக் கணக்கை முடிச்சுட்டு அதுக்கு வருவோம்" என்று மட்டும் எழுதுவேன்.

சிலிண்டர் என்றதும் ஒரு எச்சரிக்கை. வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ. ஓட்டல்களுக்குப் போவது 19 கிலோ. மாதம் பிறந்ததும் "சிலிண்டர் விலை உயர்வு" என்று வருகிற செய்தி பல முறை அந்த 19 கிலோவைப் பற்றியது. மாமா ஒரு தடவை அதை வீட்டு சிலிண்டர் என்று நினைத்து அனுப்பிவிட்டார். தம்பி மகன் பாய்வதற்குள் நான் தனியாக மாமாவுக்கு எழுதினேன்: "மாமா, நீங்க போட்டது கடைக்குப் போற சிலிண்டர் விலை மாதிரி இருக்கு, ஒருக்கா பாத்துக்கங்க." பத்து நிமிஷத்தில் அவரே குழுவில் "அது கமர்ஷியலாம்ப்பா" என்று திருத்திவிட்டார். வயதில் பெரியவர் தவறு செய்தால் தனியாகச் சொல்லுங்கள். திருத்துகிற கௌரவம் அவருக்கே இருக்கட்டும். நம்மைவிடச் சின்னவர்கள் என்றாலும் இதே மருந்து வேலை செய்கிறது, ஆனால் அவர்களிடம் எனக்குப் பொறுமை கம்மி.

சதவீதம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆனது. எங்கள் மருமகன் பைக் வாங்கப் போய், "10 சதவீதம் குறையணும், கடைக்காரன் எட்டுகூடக் குறைக்கல" என்று குழுவில் கொதித்தார். கடைக்காரர் மேல் தப்பில்லை. வரிக்கு முன் வண்டி ஒரு லட்சம் என்றால் பழைய விலை 1,28,000. புதிய விலை 1,18,000. குறைந்தது 10,000. அதை 1,28,000-ஆல் வகுத்தால் 7.8 சதவீதம். வரி விகிதம் பத்துப் புள்ளி இறங்கினால் விலை பத்து சதவீதம் இறங்காது. இன்சூரன்ஸ், பதிவு எல்லாம் சேர்த்த ரோட்டு விலையில் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். இதை ஒரு வாய்ஸ் மெசேஜில் விளக்கப் பார்த்தேன், யாருக்கும் புரியவில்லை. மூன்று வரியில் எழுதிப் போட்டதும் புரிந்தது. எண் சம்பந்தப்பட்டதை எப்போதும் எழுதுங்கள், பேசாதீர்கள்.

2025 நவம்பரில் மதுரை, கோவை மெட்ரோ ரயில் திட்டங்களை மத்திய அரசு திருப்பி அனுப்பியபோது எங்கள் குழு இரண்டு நாள் தூங்கவில்லை. 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்ற பேச்சு வந்ததும் மதுரைக்கு எவ்வளவு என்று கிளம்பிவிட்டார்கள். ஒருவர் 10 லட்சம் என்றார், ஒருவர் 15 என்றார். மேலூர் சித்தப்பா 30 லட்சம் என்று போட்டு எல்லாரையும் வாயடைத்தார். மூன்றும் 2011 கணக்கெடுப்பில் இருக்கிற எண்கள்தாம். பழைய மாநகராட்சி எல்லைக்குள் 10.17 லட்சம். சுற்றி ஒட்டி வளர்ந்த ஊர்களையும் சேர்த்த நகரப் பகுதி 14.65 லட்சம். மாவட்டம் முழுவதும் 30.38 லட்சம். மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்ததும் அதே 2011-இல்தான். ஆக, மக்கள்தொகை என்று ஒரு எண் வந்தால், எல்லைக்கோட்டை எங்கே போட்டு எண்ணினார்கள் என்று கேட்க வேண்டும். திட்டமிட்டிருந்த தடம் திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை. அந்த 10.17 லட்சத்தில் திருமங்கலமும் இல்லை, ஒத்தக்கடையும் இல்லை. இதைச் சொன்னதும் சண்டை வேறு இடத்துக்கு நகர்ந்தது: ரயிலில் ஏறப்போகிறவர்களை எண்ண வேண்டுமா, மாநகராட்சிக்கு வரி கட்டுகிறவர்களை எண்ண வேண்டுமா என்று. அது நல்ல சண்டை. அப்படி ஒரு சண்டை நடந்தால் நான் குறுக்கே போவதில்லை. எண்ணே பழசு என்பதையும் யாராவது சொல்லத்தான் வேண்டும். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரைக்கும் நாம் 2011-ஐ வைத்துத்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

சில சமயம் எண்ணே இருக்காது, ஒரு சொல்தான் மாட்டிக்கொண்டிருக்கும். "எய்ம்ஸ் தொடங்கியாச்சு", "எங்க தொடங்குச்சு?" மதுரை தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். முதல் 50 மாணவர்களுக்கு 2022-இல் வகுப்பு ஆரம்பித்தது, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில். கல்லூரியைச் சொல்கிறவருக்குத் தொடங்கியாச்சு. தோப்பூருக்கு நோயாளியைக் கூட்டிப்போக நினைக்கிறவருக்கு? "எது தொடங்குச்சுன்னு சொல்றீங்க?" என்று ஒரு கேள்வி. தேர்தலும் இப்படித்தான். 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வுக்கு 133 இடம், அ.தி.மு.க.வுக்கு 66. வாக்கு ஏறக்குறைய 37.7 சதவீதமும் 33.3 சதவீதமும். "ரெண்டு மடங்கு" என்கிறவர் நாற்காலியை எண்ணுகிறார். "நூல் வித்தியாசம்" என்கிறவர் ஓட்டை எண்ணுகிறார். இரண்டு கட்சியும் கூட்டணிக்கு விட்டுக்கொடுத்தது போக நின்ற இடங்களும் சமம் இல்லை. எதை எண்ணுகிறோம் என்று சொல்லிவிட்டு எண்ணினால் போதும்.

கால்குலேட்டரைக் கீழே வைக்க வேண்டிய இடங்களும் உண்டு. தை மாதம் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு என் தங்கை தலை நிறைய மல்லிகை வைத்து வந்தாள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் பனிக் காலத்தில் வரத்து குறையும், முகூர்த்தம் கூடும், விலை எங்கேயோ போகும். அன்றைக்கு ஒரு முழம் என்ன விலை என்று அண்ணன் குழுவில் கணக்குப் போட்டு, அந்தக் காசுக்கு எத்தனை படி அரிசி என்று எழுதினார். பெருக்கல் எல்லாம் சரி. ஆனால் அவள் அரிசி வாங்கப் போகவில்லையே. நான் பதிலுக்கு ஒரு கணக்கும் போடவில்லை. கல்யாணத்தில் எடுத்த அவள் போட்டோவை மட்டும் போட்டேன். நாற்பது பேரில் முப்பது பேர் ஹார்ட் போட்டார்கள். அண்ணனும் போட்டார். வாங்கினவருக்கு மனசு நிறைந்துவிட்டதென்றால், மற்றவருக்கு அதில் வேலை இல்லை. ஆனால் வாங்கப் போகிறேன் என்று முன்கூட்டியே கேட்டால் எல்லாக் கணக்கையும் கொட்டுங்கள். வாங்கிய பின் விலை பேசுவது மாதிரி எரிச்சல் வேறில்லை.

முகம் தெரியாதவர்களோடு, வீடியோவுக்குக் கீழே மாட்டிக்கொண்டால் எனக்கு ஒரே சட்டம்: ஒரு பதில், எண்ணோடு, அப்புறம் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நான் மொய் எழுதப் போவதில்லை.

தப்பை ஒப்புக்கொள்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எந்த இடத்தில் தப்பு செய்தோமோ, அந்த இடத்திலேயே திருத்த வேண்டும். தனியாக மன்னிப்புக் கேட்டால், நாற்பது பேர் முன்னால் பட்ட அவமானம் அப்படியேதான் இருக்கும். பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறித் திருமங்கலம் போய் மதினியைப் பார்த்தேன். காபி கொடுத்தார், பேசவில்லை. அங்கேயே உட்கார்ந்து குழுவில் எழுதினேன்: "மதினி வாங்கினது கிலோ. நான் லிட்டர்னு நினைச்சு நஷ்டக் கணக்கு போட்டது தப்பு. 270 × 0.91 = 245.70. மதினிதான் குறைஞ்ச விலைக்கு வாங்கியிருக்காங்க." 'ஒருவேளை', 'இருந்தாலும்' எதுவும் சேர்க்கவில்லை. இங்கேதான் பலருக்குக் கை நடுங்கும். மதினி தன் போனில் அதைப் பார்க்க முடியாதே, வெளியேறிவிட்டாரே. என் போனை நீட்டிக் காட்டினேன். படித்துவிட்டு, "அந்தக் கடைசி வரிய முதல்ல போட்டுருக்கலாம்ல" என்றார். அன்று சாயங்காலமே மூன்று பேரையும் திரும்பச் சேர்த்தேன்.

பெரிய அண்ணன் விடவில்லை. மதுரை வெயிலில் எண்ணெய் விரியும், 0.91 என்பது குளிர்ந்த இடத்துக் கணக்கு, அதனால் என் பெருக்கல் செல்லாது என்று எழுதினார். யோசித்தால் அவர் சொல்வது சரிதான், சூட்டில் எண்ணெய் விரியத்தான் செய்யும். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு, கடையில் லிட்டர் அளவையை முதலில் வெறுமனே எடை பார்த்துவிட்டு, அப்புறம் எண்ணெய் நிரப்பித் தராசில் வைத்தேன். பாத்திர எடை போக 905 கிராம். 270-ஐ 0.905-ஆல் பெருக்கினால் 244 ரூபாய் 35 காசு. அண்ணன் புண்ணியத்தில் மதினிக்கு இன்னும் ஒரு ரூபாய் 35 காசு லாபம் என்று தராசு போட்டோவோடு குழுவில் போட்டேன். நீல டிக் விழுந்தது. அரை மணி நேரம் கழித்து அண்ணனிடமிருந்து பதில் வந்தது: "அந்தச் செக்கு திருமங்கலத்துல எந்தத் தெருவுல இருக்கு?"